மாமரத்துக்குக் கேட்ட தவணை

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வாசலில் நின்றது. அழகேசனோ வெட்டுக்கத்தியோடு பின்பக்கம் மாமரத்தடியில் நின்றார்.

"நைனா, இன்னா பண்ற? இன்னிக்கு சேரலன்னா ஆபரேஷன் கேன்சல்னு சொல்லிட்டாங்க," என்றாள் மகள் அகல்யா.

"இரு கண்ணு. இதை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

அவருக்கு இதயத்தில் அடைப்பு. ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். முதலில் பொங்கல் போகட்டும் என்றார். பிறகு பக்கத்துத் தெரு பாண்டியன் வீட்டுக் கல்யாணம். இப்போது மரம்.

மேனாம்பேட்டில் மற்ற மாமரங்களெல்லாம் பூத்துவிட்டன. இது மட்டும் பூக்காமல் செம்புநிறக் கொழுந்தாக விட்டிருந்தது. காய்க்காத மரத்தை மிரட்டுவது அந்தத் தெருவின் வழக்கம். ஒருவர் கத்தியை ஓங்குவார். இன்னொருவர் கையைப் பிடித்து, மரத்துக்காகக் கெஞ்சுவார். அம்மா இருந்தவரை கெஞ்சியது அம்மா. இப்போது அகல்யா.

அவள் தோள்பையில் கவிதைப் புத்தகம் இருந்தது. திங்கட்கிழமை கல்லூரியில் அதைப்பற்றிப் பேச வேண்டும். அதில் இலையுதிர்காலம் வரும், கவிஞனுக்குத் தன் சாவு நினைவுக்கு வரும், அடுத்து வசந்தம் வந்து ஆறுதல் சொல்லும். பேருந்தில் படித்துக் கண் கலங்கிய வரிகள்தான். சில நாட்களாக அவற்றைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. மரம் துளிர்க்கும், சரி. உதிர்ந்த இலை திரும்பி வந்ததா?

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அழகேசன் கத்தியை ஓங்கினார். "காய்ப்பியா, வெட்டிடட்டுமா?"

அகல்யா அவர் கையைப் பிடிக்கவில்லை.

"சொல்லுமே, கை வலிக்குது."

"வெட்டு."

"இன்னாது?"

"வெட்டிடு நைனா. நீ ஆஸ்பத்திரிக்கும் வரமாட்ட. வர்ற வருஷம் இதுக்குத் தண்ணி ஊத்த யாரு கீறா?"

அவர் கை மெல்லத் தாழ்ந்தது. கொழுந்துகளை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாடி இப்டி சொல்லிட்ட. அதுக்குக் கேக்கும்ல?"

"கேக்கட்டும்."

"உட்டுடு கண்ணு. வர்ற வருஷம் காய்க்கும்."

"காய்க்கலன்னா?"

"நானே வெட்றேன்."

"நீயா?"

"பின்ன, உங்க காலேஜ் வாத்தியாரா?" கத்தியை அவளிடம் நீட்டினார். "எண்ணெய் தடவி வை. துருப்புடிச்ச கத்திக்கு எவனும் பயப்பட மாட்டான்."

அவர் வாசலுக்கு நடந்தார். உள்ளே போன அகல்யாவின் கைக்கு எண்ணெய்க் குப்பி அகப்படவில்லை. அலமாரியில் ஒவ்வொன்றாகத் தள்ளித் தேடினாள்.

"இன்னும் இன்னாமே பண்ற?" ஆட்டோவிலிருந்து அப்பாவின் குரல். "டைமாவுது!"