அரசனைத் தாங்கிய பதினேழு தையல்

கிழக்கே எழுந்த செங்கதிர் தன் பொன்னைக் கோயில் முகடுகளுக்கு முதலிலும், பட்டுக்கடைப் பெயர்ப்பலகைகளுக்கு அடுத்தும், தெருவில் கீரை விற்பவள் தலைக்கூடைக்கு இறுதியிலுமாக நிறுத்து நிறுத்து அளந்து கொடுக்கும் தை மாதத்துக் காலையிலே, காஞ்சி மாநகர் கடைதிறந்த சந்தைபோல் விழித்துக்கொள்ளும். ஒருபால் தறி மிதிக்கும் ஓசை, ஒருபால் கோயில் மணியோசை, தென்கோடிச் செவிலிமேட்டிலே நகரப் பேருந்தை எட்டிப் பிடிக்க ஓடுவோரின் காலோசை. இவையனைத்திற்கும் அப்பால், பாலாறு என்று பெயர் பூண்டு, பாலுமின்றி நீருமின்றி, மணலையே முதலாக வைத்துப் பிழைக்கும் ஓர் ஆறு. பெயருக்கும் பொருளுக்கும் இடையே சிறிது இடைவெளி இருத்தல் வணிக ஊர்களின் இயல்பு; அவ்விடைவெளியைக் கண்டுகொண்டவரே இங்கு ஏமாறாது பட்டு வாங்குவர் என்பதைப் படிப்போர் முன்னரே அறிந்திருப்பர்.

அச்செவிலிமேட்டின் புதுத்தெரு ஒன்றில் அம்சவேணி என்பாள் வாழ்ந்தாள். பகலெல்லாம் மருந்துக்கடையில் நின்று, எவரும் படிக்கவியலாத மருத்துவர் கையெழுத்தைப் படித்து மருந்தெடுத்துக் கொடுத்து, மாலையில் வீடு திரும்பியதும் கைகழுவித் தையற்பொறி முன் அமர்ந்துவிடுவாள். அவள் தைத்தவை அக்கம்பக்கத்தார் உடுப்பவை அல்ல. பன்னூறாண்டுகளுக்கு முன் மண்ணோடு மண்ணாகிப் போன மாந்தர் உடுத்தவை. ஊரிலே ‘பழமை உலா’ என்றொரு தன்னார்வக் குழு உண்டு. தை மாதத்து ஞாயிறு ஒன்றிலே அக்குழுவினர் இருபதின்மர் பல்லவர் காலத்து அரசரும் அரசியரும் காவலரும் வணிகரும் போல் ஒப்பனை செய்துகொண்டு, கோயில் தெருக்களில் உலாவந்து, காண்போர்க்குப் பழங்கதை சொல்வர். அவ்விருபதின்மர்க்கும் ஆறாண்டுகளாய் உடை தைத்துக் கொடுத்தவள் இவளே. கைம்மாறு ஏதும் பெற்றாளில்லை; ஊசி துணிக்குள் இறங்கி ஏறும் மெல்லொலியே அவளுக்குப் போதிய ஊதியமாயிற்று.

தையல் என்னும் சொல்லுக்குத் தைக்கும் தொழிலென்றும் பொருள், பெண்ணென்றும் பொருள். அம்சவேணியைப் படைத்தபோது தமிழ் ஒரே சொல்லில் இரண்டு சரக்கையும் கட்டிக் கொடுத்துவிட்டது எனலாம். திங்களின் பெயரான ‘தை’யைக்கூட அவள் தனக்கிட்ட கட்டளையாகவே கொண்டாள்.

இவ்வாண்டு அவள் உள்ளம் வழக்கத்தினும் மிகப் பூத்திருந்தது. குழுவின் தலைவியும், தொழிற்சாலை ஒன்றில் பணிசெய்யும் இளம்பெண்ணுமான ஜெயப்ரியா, அழைப்பிதழிலே ‘உடைத் தையல்: அம்சவேணி’ என்று முதன்முறையாக அச்சிட்டிருந்தாள். ஆறாண்டுகள் திரைக்குப் பின்னே நின்றவள், அத்தாளை மடிக்காமல், கசக்காமல், மருந்துப்பெட்டியின் அட்டைக்கு நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பெயருக்குத் தகுதியாக அரசனுக்கு ஓர் அங்கி தைத்தாள்: அரக்குப் பட்டு, பச்சைக் கரை, கழுத்தைச் சுற்றி மாங்காய்ப் பூவேலை, கைமுனை இரண்டிலும் அன்னப்பறவை வரிசை. மூன்று திங்களின் மாலைப்பொழுதுகள் அனைத்தும் அவ்வங்கிக்குள் நுழைந்து அடங்கின. அரசனாக வரவிருந்தவர் கலியாணசுந்தரம். நெசவுக் குடியிற் பிறந்து பட்டுக்கடை வைத்து, அக்கடையைப் போலவே தாமும் ஆண்டுதோறும் விரிவடைந்தவர். அங்கிக்குப் பட்டு ஈந்தவரும் அவரே.

உலாவுக்குப் பத்துநாள் இருக்கையில், கழுத்துப் பட்டியின் வளைவு சரிதானா என்று ஒப்புநோக்க விரும்பி, அம்சவேணி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுக்குச் சென்றாள். பல்லவ மன்னர் வரலாறு அங்கே கல்லில் வரிசை வரிசையாய் அமர்ந்திருக்கிறது. முடிசூடும் மன்னன் ஒருவன்முன் நின்று அவன் கழுத்தோரத்து வெட்டைத் தேடினாள், காணவில்லை. கைமுனை மடிப்பைத் தேடினாள், அதுவும் இல்லை. தூண் தூணாக நகர்ந்து, அரசர் ஒவ்வொருவரையும் மருந்துச்சீட்டைப் போல் உற்றுப் படித்தாள். தலையிலே முடி, கழுத்திலே மணி, தோளிலே வளை, இடையிலே மடிப்பு மடிப்பாய்ச் சுற்றிய ஒரே துணி. அதற்கு மேல் வெற்றுடம்பு. பல்லவ அரசர்க்கு அங்கியும் இல்லை, அங்கி தைக்கத் தையற்காரியும் இல்லை! அவள் மனத்தில் இருந்த அரசனோ, இவ்வட்டாரத்துத் தெருக்கூத்திலே தோள்விரித்து ஆடிய அரசன். இளமையில் கூத்து மேடைமுன் அமர்ந்து பார்த்த அங்கியையே பல்லவன் மேல் போட்டுவிட்டாள்.

அவளையன்றி அப்பிழையை அறிந்தார் எவருமிலர். வாய்திறவாதிருந்தால் அங்கியும் பிழைக்கும், அழைப்பிதழில் ஏறிய பெயரும் பிழைக்கும். வாய்திறந்தாலோ, தைக்க ஏதுமில்லாத உலாவில் தையற்காரிக்கு என்ன இடம்? திருச்சுற்றில் நெடும்பொழுது அமர்ந்திருந்தாள். பின், மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு உறங்கத் தெரியாத தொழில்வழக்கம் அவளை எழுப்பி ஜெயப்ரியாவிடம் அனுப்பியது.

“அக்கா, அழைப்பிதழ் எல்லாம் கொடுத்தாச்சு. இப்ப போயி தையலே இல்லன்னா, உங்க பேரு காமெடி ஆயிடும்க்கா,” என்றாள் ஜெயப்ரியா, அழுவாள் போல.

“ஆவட்டும்மா. எம் பேருக்காக ராசாவுக்குப் பொய்ச் சட்ட மாட்டி உட முடியுமா?” என்றாள் அம்சவேணி. 

அங்கியைக் கழற்றுவதைவிட, அங்கிக்குள் இருக்க விரும்பிய மன்னரைக் கழற்றுவதே பெரும்பாடாயிற்று. பட்டுக்கடை மெத்தையில் வீற்றிருந்த கலியாணசுந்தரம் செய்தி கேட்டதும், விற்ற சரக்கைத் திருப்பி வாங்க நேர்ந்தவர்போல் முகத்தைச் சுளித்தார்.

“இன்னாம்மா சொல்ற நீ? வெத்து ஒடம்போட நானு தேரடி வரைக்கும் நடக்கணுமா? எதிர்க்கடக்காரன் பாத்துக்கினு இருப்பாம்மா!”

“பல்லவரு அப்படித்தான் நடந்தாருண்ணே.”

“அவுருக்கு எதிர்க்கட இல்ல. வேட்டிய மார் வரைக்கும் ஏத்திக் கட்டிடு.”

“அண்ணே, அது ராசா இல்ல, ஆத்துக்குக் குளிக்கப் போறவரு.”

அதன்பின் நிகழ்ந்த பேரத்தை, பேரத்திலேயே பிறந்து வளர்ந்தோரும் எழுந்து நின்று வணங்குவர். கொப்பூழுக்கு நான்கு விரற்கிடை கீழே என்று அம்சவேணி தொடங்க, எட்டு விரற்கிடை மேலே என்று வணிகர் தம் வயிற்றின்மேல் கைவைத்துக் காட்டினார். அவள் கொப்பூழுக்கு நேரே என்றாள். அவர் ஐந்து விரல் மேலே என்றார். அவள் எழுந்து வாயில்வரை சென்றாள். அவர் திரும்ப அழைத்தார். வாங்குவோர் எழுந்து நடப்பதும் விற்போர் கூப்பிடுவதும் அக்கடையில் நாள்தோறும் நிகழ்வதாயினும், கூப்பிட்டு விலையிறங்கியவர் தம் உடையையே இறக்கியது அன்றுதான். முடிவில் கொப்பூழுக்கு இரண்டு விரல் மேலே என்று பேரம் படிந்தது. “கொசுறா ரெண்டு மணிமால சேத்துப் போடு, மார மறைக்கும்,” என்று கலியாணசுந்தரம் கடைசியில் ஒரு பிடி பிடித்தார். கொசுறு கேளாமல் எழுந்தால் அவர் காஞ்சி வணிகர் ஆகார், அவள் இசைந்தாள்.

எஞ்சிய அங்கி, கடல்கடந்து வந்து அரண்மனை காத்த யவனக் காவலனுக்கு உரியதாயிற்று. மெய்ப்பை எனும் தைத்த சட்டையை மேனியில் அணிவது அயலவரும் காவலரும் என்று ஜெயப்ரியா நூல்களைத் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். காவலனாக வந்தவர் தானி ஓட்டும் வேல்முருகன். உலா நாளன்று அவர் அரக்குப் பட்டில் அன்னப்பறவைகள் மிதக்க, உலா புறப்படும் இடமாகிய பள்ளித் திடலில் வந்து நிற்க, மகளிரும் சிறாரும் அவரைச் சூழ்ந்து கைபேசியில் படம் எடுத்துத் தீராராயினர்.

“மொதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல உழுவுறீங்க,” என்றார் வேல்முருகன் அரசரை நோக்கி.

“டேய், நாந்தாண்டா ராசா!”

“தெரியும் மொதலாளி. சட்ட போட்டாத்தான் யாரு ராசான்னு ஊருக்குத் தெரியுது.”

அம்மொழி அரசர் நெஞ்சில் ஆழப் பாய்வதற்குள் வேறொரு பேரிடர் நேர்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாய் ‘வழுவழுன்னு இருக்குது பாருங்க’ என்று அவரே புகழ்ந்து விற்ற பட்டு, அன்று தன் குணத்தைத் தன் முதலாளியிடமே காட்டியது. அம்சவேணி பல்லவ முறையில் கொய்து கொய்து சுற்றிய மடிப்புகள், உருண்டு திரண்ட அவ்வயிற்றின் சரிவிலே ஒன்றன்பின் ஒன்றாய் வழுக்கி இறங்கத் தொடங்கின. கச்சையை இறுக்கினால் அவருக்கு மூச்சு முட்டியது. தளர்த்தினால் ஆட்சி கவிழும் போலிருந்தது. உலா புறப்படக் கால்மணிப் பொழுதே இருந்தது.

அரசர் இருகைகளாலும் தம் ஆட்சியைப் பற்றிக்கொண்டு, “ஏம்மா, எதுனா பண்ணும்மா!” என்றார்.

அவள் தன் பையைத் திறந்தாள். ஊசியில் பட்டிழையைக் கோத்தாள். துணியைத் தைத்து அதற்குள் மாந்தரை விடுவது உலக வழக்கம். அவளோ மாந்தரை நிறுத்திவைத்து அவர்மேலேயே துணியைத் தைத்தாள். ஊசிக்கு அஞ்சி அவர் வயிற்றை உள்ளிழுக்க, அவ்விழுப்பிலே ஒவ்வொரு மடிப்பாய்ப் பிடித்து, கரையின் நிறத்திலேயே நூல் மறைய, வெளியே இழையின் நுனியும் தோன்றாதவாறு பதினேழு தையல் இட்டாள். தைக்காத உடையைக் காட்டுவதற்குத் தான் கற்ற தையல் முழுவதும் தேவைப்பட்டதை எண்ணி, பல்லால் நூலை அறுக்கையில் தனக்குள் நகைத்துக்கொண்டாள்.

உலாவைக் காண வந்திருந்த சிற்ப ஆய்வாளர் இந்திராணி, கல்லையே பார்த்துப் பார்த்துக் கண் கூர்மைபெற்ற முதுமகள். அரசரை வலம்வந்து நோக்கி வியந்தார். “ஆகா! கோயிற்சுவரிலிருந்து இறங்கி வந்தவர் போலிருக்கிறார். ஒரு தையல்கூட இல்லை, பாருங்கள்!” என்றவர், கையிலிருந்த அழைப்பிதழைப் படித்துப் புருவம் உயர்த்தினார். “உடைத் தையல் என்று போட்டிருக்கிறீர்களே, தையலே இல்லாத உடைக்கு?”

கூட்டத்திலே நகைப்பு எழுந்தது. ஜெயப்ரியா முகம் கவிழ்ந்தாள். அம்சவேணியோ, பத்துநாளாய் அஞ்சியிருந்த அச்சொல் கேட்டதும் வியப்பாக அமைதியுற்று, முன்வந்து கைகூப்பினாள்.

“பதினேழு தையல் இருக்குதுங்கம்மா. அந்தச் சிற்பிக்குக் கல்லே மடிப்பப் புடிச்சுக்கிச்சு. எனக்கு எங்க அண்ணன் வயிறுதாங்க கெடச்சுது.”

 நகைப்பு முன்னினும் பெரிதாய் எழுந்தது. இந்திராணி குனிந்து மடிப்புகளைத் தேடினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தேடினார், ஒன்றையும் காணாது நிமிர்ந்து, “எங்கே? ஒன்றையேனும் காட்டுங்கள்!” என்றார்.

அரசர் இரண்டடி பின்வாங்கினார். “எத வேணா கேளுங்கம்மா, அத மட்டும் கேக்காதீங்க! ஒரு நூல உருவுனா எம் மானம் தேரடியிலே நிக்கும். இந்தம்மா தெச்ச தையல்லதான் பல்லவர் ஆட்சியே நடந்துக்கினு இருக்குது!”

முதுமகள் நகைத்தவாறே தம் எழுதுகோலை எடுத்து, அழைப்பிதழில் அம்சவேணியின் பெயருக்குக் கீழே கோடொன்று இட்டு, அதனைக் கைப்பையில் இட்டுக்கொண்டார்.

உலா முடிந்து வெயில் ஏறிய பின், ஒப்பனை அறையிலே அரசர் அசையாது நிற்க, எங்கெங்கு இட்டோம் என்பதைத் தான் ஒருத்தியே அறிந்த அத்தையல்களை அம்சவேணி ஒவ்வொன்றாய் விடுவித்தாள். நூல் சென்ற தடம் ஒன்றும் பட்டிலே எஞ்சவில்லை. கல்லிலே கொய்த மடிப்பு ஆயிரத்திருநூறு ஆண்டுகளாய் நிற்கிறது. அவள் கொய்த மடிப்போ காலை பத்து மணிமுதல் பகல் ஒன்றரை வரை நின்றது. தத்தமக்கு வாய்த்த பொழுதிலே இரண்டும் ஓர் அரசனைத் தலைநிமிர நடத்தின. செய்கைக்கு அதனினும் பெரிய அளவுகோல் எதையும் இவ்வுலகம் இதுகாறும் செய்து விற்றதில்லை.