பெர்தா வால்தேஸ் என்று யாரும் இல்லை

நாவும் வைன்ஷ்டோக்கின் துணிக்கடைச் சுவரில் ஐரோப்பாவின் வரைபடம் ஒன்று தொங்கியது. அதில் ருமேனியாவை அவரே சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். கொன்கோர்தியா ஊரில் அவரை ரஷ்யாக்காரர் என்று கூப்பிடாதவர் இல்லை. கூப்பிட்டவர்களையெல்லாம் அந்தப் படத்தின் முன் நிறுத்தி, தான் கப்பலேறியபோது தன் ஊர் எந்த நாட்டில் இருந்தது என்று விளக்குவார். தலையாட்டிவிட்டு, இரண்டு மீட்டர் துணி வாங்கிக்கொண்டு, "வரேன் ரஷ்யாக்காரரே" என்று போவார்கள். முப்பது வருடமாக இதே கதை. அர்ஜென்டினாவில் பூகோளம் என்ற பாடமே கிடையாதோ என்று அவருக்கு எரிச்சல்.

அந்தக் கோடையில் எரிச்சல் வீட்டுக்குள்ளும் வந்தது. பதினேழு வயது மகள் பெர்தாவை நீச்சல் கழகம் மாகாணப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. போட்டி சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாளில்.

"ஓய்வுநாள்ல நம்ம வீட்டுல அடுப்பே மூட்டறதில்ல. நீ நீச்சலுடுப்புல ஊர் முன்னாடி நிப்பியா? பாவம்."

"கடையோட பின்கதவு மட்டும் ஓய்வுநாள்ல தொறந்திருக்கே, அப்பா."

"கடை வேற."

மறுநாள் கழகத் தலைவர் எலிசால்தே கடைக்கு வந்தார். வக்கீல். துணி எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

"உங்க பொண்ணு எங்களுக்குத் தங்கம், நாவும். ஒரு சின்ன விஷயம். ஒலிபெருக்கில பேர் படிப்பாங்க. கழகத்துல சில பழைய குடும்பங்க இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. பெர்தா வால்தேஸ்னு நம்ம ஊர்ப் பேரா சொல்லிட்டா யாருக்கும் உறுத்தாது. ஒரு நாளைக்குத்தானே."

"எங்க பேர்ல என்ன முள்ளா இருக்கு உறுத்தறதுக்கு?"

"கோவிச்சுக்காதீங்க. உங்கள மாதிரி நல்ல ரஷ்யாக்காரர யாருக்குத்தான் பிடிக்காது?"

"ருமேனியா," என்று பழக்கதோஷத்தில் படத்தைக் காட்டினார் நாவும்.

"அதான், அதான்," என்று எலிசால்தே சிரித்துக்கொண்டே போனார்.

துணிச் சுருள்களுக்குப் பின்னாலிருந்து பெர்தா வந்தாள்.

"அந்தப் படத்தக் கழட்டுங்கப்பா. அவங்க நாட்டச் சொல்லல. யூதன்னு சொல்ல வாய் கூசுது, அதனால ரஷ்யாக்காரன்னு சொல்றாங்க. போலந்துலேர்ந்து வந்த பைவெல் மாமாவும் ரஷ்யாக்காரர்தான். இங்கயே பொறந்த நானும் ரஷ்யாக்காரிதான். ஒண்ணாம் வகுப்புலயே எனக்குத் தெரியும்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க அவ்வளவு ஆசையா விளக்கிட்டிருந்தீங்க."

நாவுமின் காது மடல்கள் எரிந்தன. அந்தப் படத்தின் முன் தலையாட்டிய ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. வெளியே போய்ச் சிரித்திருப்பார்கள்.

"சனிக்கிழமை நீ நீந்தற. நம்ம பேர்ல."

"நேத்துப் பாவம்னீங்க."

"நேத்து அது விளையாட்டு."

"எனக்கு இன்னைக்கும் விளையாட்டுதான். நீந்தணும்னு ஆச, அவ்வளவுதான். அவருக்காகவும் இல்ல, உங்க மானத்துக்காகவும் இல்ல."

அன்று மாலையே நாவும் வக்கீல் வீட்டுக்குப் போய், வைன்ஷ்டோக்கைத் தவிர வேறு பெயர் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தார். "பாத்துக்கலாம்" என்றார் எலிசால்தே. அவர் பார்த்துக்கொள்ளும் விதம் ஊருக்கே தெரியும்.

சனிக்கிழமை நாவும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகக் கொளுத்தும் வெயிலில் நடந்தே போனார். மனைவி எத்தெல் வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

"பஸ் ஏறினா பாவம், போட்டி பாத்தா பாவமில்லையா?"

"நடந்து போனா கொஞ்சம் கொறையும். பேசாம வா."

ஒலிபெருக்கி பெயர்களைப் படித்தது. "நாலாவது தடம், பெர்தா வால்தேஸ்." நாவும் எழுந்தார். எத்தெல் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

குளத்தின் விளிம்பில் மற்றப் பெண்கள் குனிந்தார்கள். பெர்தா நிமிர்ந்தே நின்றாள். துப்பாக்கி வெடித்தது. எல்லாரும் பாய்ந்தார்கள். அவள் அசையவில்லை.

"குதி, வால்தேஸ், குதி," என்று கத்தினார் எலிசால்தே.

அந்தப் பெண் எங்கே என்று தேடுகிறவளைப் போல பெர்தா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

வாசலுக்கு வெளியே நாவும் அவளைப் பிடித்துக்கொண்டார். "குதிச்சிருக்கலாமே. ஜெயிச்சிட்டு அப்புறம் பேரச் சொல்லியிருக்கலாமே. இதுக்கா நான் இந்த வெயில்ல நடந்து வந்தேன்?"

"ஜெயிச்சிருந்தா வால்தேஸ் ஜெயிச்சிருப்பா, அப்பா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எனக்கு நீந்தணும்போல இருந்துது," என்றாள். அவ்வளவுதான், அழுதுவிட்டாள்.

நாவுமுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. அழுகிற மகள் மேலும், முணுமுணுக்கிற மனைவி மேலும். சாலைக்கு அப்பால் உருகுவே ஆறு அகலமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க இருக்கு தண்ணி. அதுக்குத் தலைவர் கிடையாது. போ, நீந்து."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓடினாள்.

கோட்டைக் கழற்றாமல், அவளுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கரையில் நின்றார். அவள் நீரோட்டத்தை வெட்டிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து, தூண்டில் போட்டிருந்த ஒருவன் எழுந்து வந்தான்.

"யாருங்க அது?"

"பெர்தா வைன்ஷ்டோக்."

"பெர்தா என்னது?"

இவனுக்கும் விளங்கவில்லை. நாவும் சலிப்போடு பெருமூச்சு விட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.