இருபத்தேழரைப் புள்ளி

கொரீன் அப்பாவின் டையை மூன்றாவது முறையாக நேராக்கிக்கொண்டிருந்தபோது, அவள் கைப்பைக்குள் இருந்த அவருடைய கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. வெர்லின் ஸ்டூப்ஸ் எழுபத்தாறு வருட வாழ்க்கையில் டை கட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சவப்பெட்டிக்குள்ளும் அது பிடிக்காதவர்போலவே முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பதினொரு மணிக்குச் சர்ச்சுக் கதவைத் திறந்தால் அவரைக் கடைசியாகப் பார்க்க ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அதற்குக் கால்மணி நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தக் கைபேசி இப்படித்தான் அதிர்ந்துகொண்டிருந்தது. ஏதோ விளம்பரம் என்று இத்தனை நாள் விட்டுவைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தாள். வாழ்த்துகள் வெர்லின், நீங்கள் ஜெயித்த பணம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்றது திரை. அதைத் தொட்டதும் அப்பா கடைசியாகக் கட்டிய பந்தயம் விரிந்தது. கொரீன் பக்கத்திலிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது அவளுடைய மகன் டோபின் ஆடிய ஆட்டம்.

டோபின், மெரிடன் க்ரீக் என்ற சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் இருந்தான். நவம்பரில், சீசன் சூடுபிடிப்பதற்கு முன்னால், பெரிய பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்ட கல்லூரிகளைப் பணம் கொடுத்து அழைத்துத் தங்கள் ஊர் மக்கள் முன்னால் அடித்து அனுப்பும். யார் ஜெயிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. அதனால் எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதில்தான் பந்தயம். செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு பந்தயக் கம்பெனிக்காரர்கள் இருபத்தேழரை என்று வைத்திருந்தார்கள். அதற்கு மேல் வித்தியாசம் போகும், பேரனின் அணி அவ்வளவு மோசமாகத் தோற்கும் என்று வெர்லின் நாற்பது டாலர் கட்டியிருந்தார். வித்தியாசம் சரியாக இருபத்தெட்டு.

பந்தயம் கட்டிய நேரம் மாலை நாலு பத்து. யோசிக்காமலே அவள் விரல் அழைப்புப் பட்டியலுக்குப் போனது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு டோபின் கூப்பிட்டிருந்தான். பதினொரு நிமிடம் பேசியிருக்கிறார்கள். அதற்கு ஏழு நிமிடம் கழித்துப் பந்தயம்.

தொலைக்காட்சியில் அவள் பார்த்த கடைசி ஆறு வினாடிகள் கண்முன் வந்து நின்றன. பந்து டோபினிடம் இருந்தது. எதிரே மறிக்க ஆளில்லை. நாலு வயதிலிருந்து அந்தத் தூரத்திலிருந்துதான் எறிந்து பழகியவன். ஸ்கோர் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் பந்தைத் தரையில் தட்டியபடியே நின்றான், மணி அடிக்கும் வரை. பையனுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது என்று வர்ணனையாளர் சிரித்தார். கொரீனும் அப்படித்தான் நினைத்தாள். தோல்வியைப் பற்றி அப்பாவிடம் புலம்பலாமென்று ஒன்பது மணிக்கு மேல் அவர் வீட்டுக்குப் போனபோதுதான், நாற்காலியில் அவர் உயிரில்லாமல் கிடந்ததைப் பார்த்தாள்.

அவள் திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். டோபின் வருகைப் புத்தகத்தின் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். மூன்று நாளாக அவன் அழவில்லை, சாப்பிடவில்லை, கேட்டால் பதில் சொல்வதில்லை. துக்கம் என்று நினைத்து அவன் தலையைத் தடவிக் கொடுத்திருந்தாள். இப்போது அதற்கு வேறு பெயர் தோன்றியது. பயந்தவன் இப்படித்தான் இருப்பான்.

கதவைத் திறந்தார்கள். கல் குவாரியில் அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், சர்ச்சுக்காரர்கள், அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்தார்கள். நல்ல சாவு, தூக்கத்தில் போவதுபோலப் போய்விட்டார் என்று சொன்னார்கள். கீழே பன்றி இறைச்சி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலடும் தயார் என்று சர்ச்சுப் பெண்கள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கண் மட்டும் மகனைவிட்டு நகரவில்லை.

ஆர்லோ ப்ரூவிட் வந்தார். அப்பாவுக்கு ஐம்பது வருடச் சிநேகிதர், குவாரியில் ஒரே இயந்திரத்தில் நின்றவர். சவப்பெட்டியின் முன் தொப்பியைக் கழற்றிக் கொஞ்சநேரம் நின்றார். திரும்பியவர் டோபினின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, ஆறு செகண்டு இருந்துச்சு. மறிக்க ஒரு பய இல்ல. பந்த வச்சுக்கிட்டு அப்பிடி என்னத்த யோசிச்ச? உன்ன நம்பிக் காசு கட்டுனவன் நான்."

"தோத்தாச்சு, இனிமே என்னன்னு விட்டுட்டேன் தாத்தா."

"உங்க தாத்தன் பொறப்புல கையில கெடச்ச பந்தை எறியாம விட்டதில்ல. நீ யாரக் கொண்டு பொறந்தியோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டோபினும் சிரித்தான். ஆனால் அவன் காது இரண்டும் சிவந்ததைக் கொரீன் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது அவனுக்கு அப்படித்தான் ஆகும்.

ஆர்லோவைக் காபி மேசைக்குக் கூட்டிப்போய், அப்பா பந்தயம் கட்டுவாரா என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள். கிழவர் குவளைக்குள் பார்த்துச் சிரித்தார். டோபின் கல்லூரியில் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெர்லின் பேரனுக்கு எதிராகத்தான் கட்டுவான் என்றார்.

"எதிராவா?"

"ஆமாம்மா. பையன் நல்லா ஆடுனா சந்தோஷம், தோத்தா காசு, எப்பிடியானாலும் அன்னிக்குச் சோறு எறங்கணும்னு சொல்வான். ரெண்டு வருஷமாத் தோத்துக்கிட்டேதான் இருந்தான். இப்பத்தான் ஒண்ணு ஜெயிச்சான், பாவி, அதையும் வாங்கிக்க ஆளில்ல."

"டோபினுக்குத் தெரியுமா இது?"

"அவன் கிட்டயேதான சொல்லிக் கேலி பண்ணுவான். நீ போடற ஒவ்வொரு கூடையும் என் பாக்கெட்டுல கைவிடுதுடான்னு. அதைக் கேட்டா இவன் இன்னும் ரெண்டு சேத்துப் போடுவான்."

அப்பா கள்ளப் பந்தயம் கட்டவில்லை. ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது. மறுகணமே அது நின்றது. அப்படியானால் அந்த ஆறு வினாடியில் பலகையைப் பார்த்தபோது டோபினுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சீசன் தொடங்கும்போது ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பந்தயக்காரர்களிடம் அணியைப் பற்றிப் பேசக்கூடாது, யாருக்காகவும் புள்ளியை விட்டுக்கொடுக்கக்கூடாது. போன வசந்தத்தில் வேறெங்கோ அப்படி விட்டுக்கொடுத்த இரண்டு பையன்களைப் போலீஸ் கூட்டிப்போவதை அவளும் டோபினும் சேர்ந்தேதான் செய்தியில் பார்த்தார்கள். முட்டாப்பசங்க என்று சொல்லிவிட்டு அவன் சேனலை மாற்றினான். அவர்களுக்கு யாரோ பணம் கொடுத்திருந்தார்கள். இவனுக்கு?

பிரார்த்தனை முடிந்து சவ வண்டி கிளம்பியது. அதற்குப் பின்னால் தாத்தாவின் பழைய பிக்கப் லாரியை டோபின் ஓட்டினான். கொரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சவ ஊர்வலம் என்று காட்ட முன்பக்கம் செருகியிருந்த ஊதாக் கொடி காற்றில் படபடத்தது. அறுவடை முடிந்த சோள வயல்கள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. ஊர் எல்லை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"செவ்வாக்கெழம தாத்தாகிட்ட என்ன பேசுன?"

அவன் பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தான்.

"டோபின். அவர் போன் எங்கிட்ட இருக்கு."

 தங்கள் அணியிலேயே உயரமானவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, ஆடமாட்டான் என்று சொன்னதாகச் சொன்னான். தாத்தா கேட்டார், வீட்டில் பேசுவதுபோலச் சொல்லிவிட்டேன் என்றான். இருபத்தேழரை வச்சிருக்கான், உங்க லட்சணத்துக்கு அதுவே கம்மி என்று தாத்தா சிரித்தாராம்.

"அந்த ஆறு செகண்டு?"

வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

"யாராவது ஏதாவது குடுத்தாங்களாடா? என் மூஞ்சியப் பாக்க வேண்டாம், ரோட்டப் பாத்தே சொல்லு."

"யாரும் குடுக்கலம்மா."

"அப்புறம் ஏன்?"

"போன்ல அவர் குரலே சரியில்ல. சிரிக்கறப்ப மூச்சு வாங்குச்சு. நடுவுல நடுவுல நிறுத்திட்டுப் பேசுனாரு. டாக்டர்கிட்டப் போங்கன்னேன், கேம் முடியட்டும்னாரு." அவன் கியரை மாற்றினான். "பந்து கையில இருக்கு. பலகையில வித்தியாசம் இருபத்தெட்டு. நான் எறிஞ்சேன்னா அவர் மறுபடி தோத்துருவாரு. ஒரு தடவ ஜெயிச்சுட்டுத்தான் போகட்டுமேன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்லம்மா. அவ்ளோதான்."

அவன் காதுகளைப் பார்த்தாள். சிவக்கவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா என்னாகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அதை எடுத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், திரை கறுக்கும் வரை.  கல்லறைக்குத் திரும்பும் சாலை தெரிந்தபோது டோபின்தான் வாயைத் திறந்தான்.

"அவர் பாத்தாருல்லம்மா?"

"எத?"

"கடைசில. நான் பந்தை வச்சுட்டு நின்னத. அதைப் பாத்துட்டுத்தான போனாரு?"

அன்று ஆட்டம் ஏழு மணிக்கு ஆரம்பித்தது. இடைவேளையில் எப்போதும்போல அப்பாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேரன் சொதப்புகிறான் என்ற கோபத்தில் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அவள் போய்ப் பார்த்தபோது அவர் மடியில் சூப்புக் கிண்ணம் அப்படியே இருந்தது, கரண்டி நனையவில்லை. ஏழரைக்கே போயிருப்பார் என்று சாவைப் பதிய வந்த அதிகாரி சொல்லியிருந்தார். இறப்புச் சான்றிதழிலும் அந்த நேரத்தைத்தான் எழுதினார். டோபின் பந்தோடு நின்றபோது மணி ஒன்பதாகப் பத்து நிமிடம்.

டோபின் சாலையைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"நான் போறப்ப டிவி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு" என்றாள் கொரீன். "சத்தம் ரொம்ப அதிகமா வச்சிருந்தாரு."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை ஆட்டினான். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவன் கையை எடுக்கவில்லை.

எதிரே சோளம் ஏற்றிய லாரி ஒன்று சவ வண்டியைப் பார்த்ததும் வேகம் குறைத்து, புல்லோரம் ஒதுங்கி நின்றது. ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். டோபின் நன்றியாக ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினான். லாரிக்குப் பின்னால் வந்த காரும் ஒதுங்கியது. அதற்குப் பின்னால் வந்ததும் ஒதுங்கியது. ஒருவரையும் விடாமல் அவன் விரலை உயர்த்திக்கொண்டே போனான்.