கம்பி நீட்டிய வீடுகள்

1

இந்தக் கதை அண்ணியின் கோபத்தில் பிறந்தது. கோபம் அண்ணன்மேல், இடி விழுந்த இடத்தில் நானும் நின்றிருந்தேன், அவ்வளவே.

கடிதம் எழுதிப் பழகிய கை, ஆகவே முதலில் விவரம். அண்ணி எங்கள் தெருப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அண்ணனுக்கு சிமெண்ட், கம்பி வியாபாரம். பள்ளிக்குக் காசு வருவது தெருவாரின் வீட்டு வரியிலிருந்து. கட்டி முடித்த வீட்டுக்கு முழு வரி, முடியாத வீட்டுக்குப் பாதி. ஆகையால் எங்கள் தெருவில் எந்த வீடும் முடிவதே இல்லை. மாடியில் ஒரு சுவரைப் பூசாமல் விட்டு, நாலு கம்பியை வானம் பார்க்க நீட்டிவிட்டால் போதும்.

(இதை எழுதுவது அண்ணன் வீட்டு மாடியறையில். மின்விசிறி உண்டு, திரைச்சீலை உண்டு. வரிக் கணக்கில் மட்டும் அறை இல்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: “கல்வி என்பது ஒரு சமுதாயத்தின்...” வேண்டாம். அண்ணியே தூங்கிவிடுவார்.

இரண்டாம் முயற்சி: பள்ளியில் ஒரே கூடம். இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்பு, அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு, நடுவில் ஒரு பீரோ. “பூவுக்கு எத்தனை பாகம்?” என்று அண்ணி கேட்டால், பீரோவுக்கு அப்பாலிருந்து “ஐம்பத்தாறு!” என்று வாய்ப்பாடு பதில் சொல்கிறது. புது வகுப்பறை அஸ்திவாரத்தோடு நிற்கிறது, கம்பி நீட்டிக்கொண்டு. இந்த வருஷமும் எழும்பாவிட்டால் ஐந்தாம் வகுப்பை நெடுஞ்சாலைக்கு அப்பாலுள்ள பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்.

சரி, இதுவே இருக்கட்டும்.

3

அளவெடுக்க வந்த வரிக்காரர் மாடியேறினார்.

“வேலை இன்னும் முடியலையா?”

“எங்க சார் முடியுது? சிமெண்ட் கிடைக்க மாட்டேங்குது” என்றார் அண்ணன்.

வரிக்காரர் கீழே எட்டிப் பார்த்தார். “கடையில மூட்டை மூட்டையா இருக்கே?”

“அது விக்கிறதுக்கு சார்.”

அந்தக் கம்பிகளில் கட்டிய கொடியில்தான் அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: “வீடு எப்பவோ முடிஞ்சிடுச்சு சார். முழு வரி போடுங்க.”

[அண்ணன் முகத்தை வர்ணித்து மூன்று வாக்கியம் எழுதி அடித்தேன். அந்த முகமே ஒரு பூசாத சுவர்தான்.]

“ஏம்மா, சொந்த வீட்டையே காட்டிக் குடுக்கிறியே!” என்றார் அண்ணன்.

“நம்ம வரியில மட்டும் பள்ளிக்கூடத்து அறை எழும்பாதுங்க, தெரியும். ஆனா நம்ம கம்பியை வச்சுக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நின்னு முழு வரி கேக்கிறது?”

வரிக்காரர் பேனாவை மூடினார். “பூசின சுவரைக் கண்ணால பாக்காம முழு வரி போட முடியாதும்மா. திங்கக்கிழமை வர்றேன்.”

4

முடிவு அ: அண்ணன் பூசுகிறார். பார்த்துத் தெருவே பூசுகிறது. (அண்ணனுக்கும் இதில் ஆசைதான். “எல்லாரும் பூசினா கடையில சரக்கு காலியாயிடும்ல?” என்று நேற்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.)

முடிவு ஆ: அண்ணன் பூசவில்லை. பீரோவுக்கு இந்தப் பக்கம் காலியாகிறது. அண்ணி...

5

இரண்டையும் அண்ணியிடம் காட்டினேன். “வாசகர் பார்த்து முடிவு பண்ணிக்கட்டும் அண்ணி.”

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “முடிக்காம விட்டா பாதி வரிதான்னு நினைப்பா தம்பி? அண்ணனுக்குத் தப்பாத தம்பி!”

இன்று ஞாயிறு. கீழே யாரோ மணல் சலிக்கும் சத்தம். அண்ணனா, அண்ணியா? எட்டிப் பார்த்தால் கதை முடிந்துவிடும்; நான் இருக்கும் அறைக்கும் வரி வந்துவிடும்.

பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன். சலிப்பது யாராயிருந்தாலும் பூச்சுக் கலவைக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொரு கை வேண்டுமே.

உங்கள் மொட்டைமாடியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.