தூங்காமல் ஜெயிக்க வந்தவர்

மற்றவர்கள் தூங்குவதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை இதுவரை பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரே, "உனக்கென்ன, ஏசி ரூம்ல உக்காந்து ஊரு தூங்குறத வேடிக்கை பாக்குற" என்பார். பதினாறு வருடமாக அதே ஜோக். முன்பெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அந்த பஸ் டிரைவர் வந்துபோன நாளிலிருந்து சிரிப்பு வருவதில்லை, பற்றிக்கொண்டுதான் வருகிறது.

எங்கள் தூக்க ஆய்வுக்கூடத்தில் பகல் தூக்கச் சோதனை என்று ஒன்று செய்வோம். முந்தின இரவு இங்கேயே தூங்க வைத்துவிட்டு, மறுநாள் காலை ஒன்பது, பதினொன்று, பிற்பகல் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஐந்து தடவை இருட்டறையில் படுக்கச் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் பார்ப்போம். தூக்கம் எத்தனையாவது நிமிடம் வருகிறது, வந்த சூட்டில் கனவும் வருகிறதா என்று தலையில் ஒட்டிய ஒயர்கள் சொல்லிவிடும். இரவு நன்றாகத் தூங்கிய மனிதருக்குப் பகலில் அவ்வளவு சுலபமாகத் தூக்கம் வராது. கனவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படுத்த இரண்டாவது நிமிடம் தூங்கி, ஐந்தாவது நிமிடம் கனவு காண்கிறவருக்கு இருப்பது வியாதி. சோம்பேறித்தனம் இல்லை, வியாதி. இந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை தேய்ந்துவிட்டது.

டிரைவருக்கு ஐம்பத்தொரு வயது. இரண்டு மாதமாக சஸ்பெண்டில் இருந்தவர், சோதனைக்குச் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இரவுப் பதிவு முடிந்து, காலையில் மறுபடி நாடாவை வைத்துத் தலையை அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, பசையில் ஒயர்களை ஒட்டி முடிக்கும்வரை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தவர் போலவே நிமிர்ந்து இருந்தார்.

"நல்லா ஒட்டுங்க மேடம். எனக்கு ஒண்ணும் இல்லன்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

எனக்கு அப்போதே உறுத்தியது. விசாரணை அதிகாரி எங்களுக்கு அனுப்பிய கடிதத்தை நான் படித்திருந்தேன். காலை ஏழரை மணிக்கு, காலியான நேர்ச்சாலையில், அவர் ஓட்டிய பஸ் ஒரு கடையின் தூணில் மோதியிருக்கிறது. முன்சீட்டில் இருந்த ஒரு பெண்ணுக்குத் தோள்பட்டை முறிந்துவிட்டது. டிரைவருக்குத் தூக்க வியாதி இருப்பது உறுதியானால் பஸ் ஓட்டாத வேறு வேலை தர வேண்டும். வியாதி இல்லை என்றால் அது கவனக்குறைவு, வேலையை விட்டு நீக்கலாம். இதுதான் கடிதம். நாளை மறுநாள் கடைசி விசாரணை.

ஒன்பது மணிக்கு அறையை இருட்டாக்கிவிட்டு என் மேஜைக்கு வந்து மைக்கில் சொன்னேன். "கண்ண மூடிக்கோங்கண்ணே. தூக்கம் வந்தா தடுக்காதீங்க."

"சரி மேடம்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரையில் அவருடைய விழிப்பின் அலைகள் தேய்ந்து மெலிந்தன. சரி, தூங்கப் போகிறார் என்று பேனாவை எடுத்தேன். திடீரென்று தசையின் கோடு தடித்துக் கறுத்தது, அலைகள் மறுபடி விழித்துக்கொண்டன. அரை நிமிடத்தில் அதேபோல் தேய்ந்தது, அதேபோல் ஒரு வெட்டு. இருபது நிமிடத்தில் முப்பத்தொரு தடவை எண்ணினேன்.

விளக்கைப் போட்டதும், "ஒரு செகண்டு கூடத் தூங்கல மேடம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பதினொரு மணிக்கும் இதே கூத்து. இந்த முறை கேமராவை அவருடைய வலது கைப் பக்கம் திருப்பினேன். போர்வைக்குள் கை இறுக மூடியிருந்தது. நேரம் முடிந்ததும் உள்ளே போய், "கையத் திறங்க" என்றேன். தயங்கித் திறந்தார். டிப்போ லாக்கரின் சாவி. அதன் பல் பதிந்து பதிந்து உள்ளங்கை முழுக்கக் குழிகள், இரண்டு இடத்தில் ரத்தம்.

"என்னண்ணே இது?"

"பழக்கம் மேடம். வண்டியில கண்ணு சொக்குற மாதிரி இருந்தா இதை அழுத்துவேன். இருவத்திரெண்டு வருஷமா இதுதான் என்னக் காப்பாத்துது."

"இங்க எதுக்கு அழுத்துனீங்க? தூக்கம் வந்தா தூங்குங்கன்னு சொன்னேன்ல."

"அதெப்படி மேடம் தூங்குறது? தூங்குனா ஃபெயிலுதான?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. உலகத்திலேயே தூங்கினால்தான் ஜெயிக்க முடியும் என்கிற ஒரே இடத்துக்கு வந்து, தூங்காமல் ஜெயித்துவிட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார் மனிதர். யார் இப்படிச் சொன்னது என்று கேட்டேன். டிப்போ சூப்பர்வைசர் சொன்னாராம். 'கண் அசராம மட்டும் இரு, மறுநாளே உன் வண்டி உனக்கு' என்று.

அந்த சூப்பர்வைசர் வெளியே வராந்தாவில்தான் இருந்தார். டிப்போ சார்பில் துணைக்கு வந்தவராம். நான் ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் டிரைவரை ஒயர்களோடு வராந்தாவுக்கு அழைத்து, கையில் ஒரு டம்ளர் டீயையும் ஒரு வெள்ளை மாத்திரையையும் கொடுத்திருந்தார். வாய்வரை போன மாத்திரையைப் பிடுங்கினேன். நோயாளியின் கையைத் தட்டிவிடக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது. அன்றைக்கு விதி ஞாபகத்துக்கு வரவில்லை.

"வைட்டமின் மேடம்" என்றார் சூப்பர்வைசர் அமைதியாக.

"அப்படியா சார். அப்ப நீங்க இத ஒண்ணு போட்டுக்கங்க, நான் பாக்குறேன்."

"எனக்கு பிரஷர் இருக்கு மேடம்."

"வைட்டமினுக்கும் பிரஷருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். டிரைவரை உள்ளே கூட்டிவந்து கதவைச் சாத்தினேன்.

"காலை ஷிஃப்டுக்கு எல்லாருக்கும் ரெண்டு குடுப்பாங்க மேடம்" என்றார் அவர், பிடிபட்டவர் குரலில். "ராத்திரி பன்னெண்டுக்கு வண்டிய விட்டுட்டு மறுபடி நாலு மணிக்கு எடுக்கணும்னா சும்மா முடியுமா? சத்து மாத்திரைன்னு பேரு. போட்டா கண்ணு மூடாது, நெஞ்சு மட்டும் படபடன்னு அடிக்கும். ரெண்டு மாசமா டூட்டி இல்ல, அதனால போடல."

அதாவது நோயைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள், இத்தனை வருடமும் அந்த நோயின் மேலேயே மாத்திரையைப் போட்டுப் பூசி மெழுகியிருக்கிறார்கள். பூச்சு உதிர்ந்த அன்றைக்கு ஆளையே கைகழுவப் பார்க்கிறார்கள். கடிதத்தை நோயாளியிடம் காட்டக் கூடாது என்பது இன்னொரு விதி. எடுத்து அவர் மடியில் போட்டேன்.

மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"அப்ப தூங்கலன்னு ஆனா..."

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கவனக்குறைவுன்னு எழுதி."

கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, விசாரணையில் சொல்லி எல்லோரும் சிரித்ததாக ஒன்றைச் சொன்னார். "அன்னிக்கு நான் தூங்கல மேடம். முழிச்சிட்டுதான் இருந்தேன். கண்ணாடிக்கு முன்னால என் பொண்ணு உக்காந்து ஷூவுக்கு லேஸ் கட்டிட்டு இருந்தா. ஆறு வயசுல இருந்த மாதிரி. ரோடு மறைக்குதே, இறங்கு பாப்பான்னு சொன்னேன். அடுத்து தூணுதான் தெரியுது. பொண்ணுக்குக் கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா. இத நான் சொன்னதும், குடிச்சிருந்தியான்னு கேட்டாங்க."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த வியாதியில் கனவு, தூக்கத்துக்காகக் காத்திருக்காது. விழித்திருக்கும்போதே உள்ளே வந்துவிடும். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியமே போதும். விசாரணையில் உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருவருக்காவது ஒரு மருத்துவரைக் கேட்கத் தோன்றியிருந்தால், இரண்டு மாதத்துக்கு முன்பே இவரை இங்கே அனுப்பியிருப்பார்கள். 'முன்னுக்குப் பின் முரணான வாக்குமூலம்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

"சாவியக் குடுங்கண்ணே" என்றேன்.

ஒரு மணிக்குச் சாவி இல்லாமல் படுத்தார். இரண்டாவது நிமிடம் தூங்கிவிட்டார். ஐந்தாவது நிமிடம் கண்களின் கோடு அலைபாய ஆரம்பித்தது. மைக்கில் குழறலாக, ஆனால் புரிகிற மாதிரி அவர் குரல் கேட்டது. "இறங்கு பாப்பா. அங்க உக்காராத."

பதினைந்து நிமிடம் கழித்து எழுப்பினேன். "தூக்கமே வரல மேடம், இப்பதான் கண்ண மூடினேன்" என்றார், உண்மையாகவே வருத்தத்தோடு. என் மேஜைக்குக் கூட்டிவந்து பதிவைப் போட்டுக் காட்டினேன். தான் தூங்குவதை, வாய் திறந்து கிடப்பதை, மகளை இறங்கச் சொல்வதை, திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"நான் முழிச்சிட்டு இருந்ததா நெனச்ச நேரமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"எல்லா நேரமும்னு சொல்ல முடியாதுண்ணே. சில நேரம் இருந்திருக்கும்."

"எனக்குப் பின்னால அம்பது பேர் உக்காந்திருப்பாங்க மேடம்."

அதற்கு மேல் அவர் என்னிடம் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்று மணிக்கும் இரண்டாவது நிமிடம் தூங்கினார், ஐந்து மணிக்கு ஒரே நிமிடம். மூன்று தடவையும் கனவு.

டாக்டர் ஐந்தே முக்காலுக்கு வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். எண்களைக் கூட்டினார். "இருபது, இருபது, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. நாப்பத்தஞ்சு. சராசரி ஒம்போது நிமிஷம். எட்டுக்குள்ள வந்தாதான் வியாதி. நார்மல்னு போட்டுடுங்க."

"சார், முதல் ரெண்டு இருபதும் அவரோடது இல்ல. சாவியோடது."

சாவியையும், முதல் இரண்டு பதிவுகளில் இருந்த வெட்டுகளையும் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப சோதனை செல்லாது. திரும்ப வரச் சொல்வோம்."

"எப்ப?"

"அடுத்த இடம் ஆறு வாரம் கழிச்சுதான் இருக்கு."

"விசாரணை நாளை மறுநாள் சார். ஆறு வாரம் கழிச்சு வந்து அவர் எதுக்குத் தூங்கணும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. முதல் இரண்டும் ஏன் செல்லாது என்பதை நான் எழுதி, மாத்திரையை ஓர் உறையில் போட்டு ஒட்டி, அது யார் கையிலிருந்து வந்தது என்றும் எழுதியிருந்தேன். "இந்த மாத்திரை விஷயம் நமக்கு வேண்டாமே" என்றார். "வேண்டாம்னா என் கையெழுத்தும் வேண்டாம் சார்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவர் கடைசி மூன்று பதிவுகளையும் இரவுப் பதிவையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, தூக்க வியாதி, வாகனம் ஓட்டக் கூடாது, வேறு வேலை தரப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாத்திரைப் பத்தியை அடிக்கவில்லை.

நகலை டிரைவரிடம் கொடுத்தேன். "ஜெயிச்சிட்டீங்கண்ணே" என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. சாவியை நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கையில் பிடிக்கவில்லை. வாசல்வரை கூடவே போனேன்.

டிப்போ கார் நின்றிருந்தது. சூப்பர்வைசர் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, "ஏறுய்யா, லேட்டாச்சு" என்றார். டிரைவர் அவரைப் பார்க்கவே இல்லை. முன்பக்கம் போய், கார் ஓட்டி வந்தவரிடம் குனிந்து கேட்டார்.

"இன்னிக்கு எத்தன மணிக்கு எழுந்த?"

"ரெண்டரை. முதல் டிரிப்பு அடிச்சிட்டு நேரா இதை எடுத்துட்டு வந்தேன்."

"மாத்திரை போட்டியா?"

கார்க்காரர் சூப்பர்வைசரைப் பார்த்தார்.

"இறங்கிடு. என்கூட வந்துடு" என்றார் டிரைவர். கார்க்காரர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பின்கதவை மெதுவாகச் சாத்தினார். "நான் நடந்து போய்க்கிறேன்."

"ஒம்போது கிலோமீட்டர்யா" என்றார் சூப்பர்வைசர். பிறகு ஏறிக்கொண்டார். கார் போய்விட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்த அசதியில எப்படிண்ணே நடப்பீங்க? எதிர்லயே ஸ்டாப் இருக்கு, பஸ்ல போங்க."

"பஸ்ஸயும் எங்க ஆளுங்கதான தங்கச்சி ஓட்டுறாங்க" என்றார்.

சொல்லிவிட்டு, தலைமுடியில் பசை காய்ந்தபடியே கிளம்பினார். சாலையை விட்டு எவ்வளவு ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி, சுவரை ஒட்டியே நடந்து போனார்.