விக்னேஸ்வரிக்குக் கட்டாத பரிவட்டம்

1.

இந்தக் கதை பிரிஞ்சாங் என்ற மலையூரின் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைச் சிரிப்பொன்றில் பிறந்தது. "பொம்பள தலையில பரிவட்டமா? நல்லாருக்கு லா!" வந்த கோபத்தில் அங்கேயே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.

மலையில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது விக்னேஸ்வரி…

(வேண்டாம். தேயிலைக் கதை என்றால் பனி இறங்கியே தீர வேண்டுமா? அதை ரசிக்க அவளுக்கு ஏது நேரம்?)

நேராகவே சொல்கிறேன். பழைய மேனேஜர் போனதிலிருந்து தோட்டத்தை நடத்துபவள் விக்னேஸ்வரி. பெயருக்குத் 'தற்காலிக' மேனேஜர். மண் சரிந்து ரோடு அடைத்தாலும், ஃபேக்டரியில் மெஷின் நின்றாலும் ஓடுவது அவள்தான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து கம்பெனி டைரக்டர் ஹரிதாஸ் வருகிறார். அன்றைக்கே வேலையை நிரந்தரமாக்கிவிடுவார் என்று நம்பியிருந்தாள்.

3.

வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இங்கே ஒரு வழக்கம். தோட்டத்தை நடத்துபவர் தலையில் பரிவட்டம் கட்டிய பிறகுதான் மாரியம்மன் தேர் நகரும். விக்னேஸ்வரி விரதமிருந்து வந்து நின்றாள். கோயில் தலைவர் சிவலிங்கம் பரிவட்டத் துணியோடு அவளைத் தாண்டிப் போனார்.

"தலைவரே, நான் இங்க நிக்கிறேன்."

"கோவிச்சுக்காதீங்க மேடம். வேலைய நீங்கதான் பாக்குறீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா இது ஆம்பள தலைக்குத்தான் லா."

அவளிடம் வேலை பழகும் உதவி மேனேஜர் திருமாறன் தலையில் துணி ஏறியது. (அவனை மறுக்க வைத்து ஒரு வரி எழுதினேன். நம்ப முடியவில்லை, அடித்துவிட்டேன்.)

ஹரிதாஸ் அவனுக்குக் கைகொடுத்துவிட்டு அவளிடம் வந்தார். "ஜனங்க யார ஏத்துக்கிறாங்கன்னு கண்ணால பாத்துட்டேன்மா. இனி திருமாறனே மேனேஜரா இருக்கட்டும். நீங்க கூட இருந்து சொல்லிக் குடுங்க."

சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்! என்ன நெஞ்சழுத்தம்!

4.

முடிவு ஒன்று: அவள் வேலையை உதறிவிட்டு மலையிறங்கினாள். (பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டுவார்கள். தூ!)

முடிவு இரண்டு: யார்மேலோ அம்மன் இறங்கி நியாயம் கேட்டாள். (கேட்கிறவளாக இருந்தால் இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாள்?)

முடிவு மூன்று: ஃபேக்டரியில் வேலை பார்க்கும் நவமணி தேர்வடத்தைக் கீழே போட்டாள். "மேடத்துக்குக் கட்டுங்க, அப்பறம் இழுக்கிறோம்." அவளைப் பார்த்து மற்றவர்களும்…

(இங்கே நிறுத்திக்கொள்கிறேன். நவமணி ஒருத்தி விட்டால் தேர் நின்றுவிடாது. கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள், வடம் உங்கள் கையிலும் இருக்கிறது.)

"ம்ம், இழுங்க!" என்கிறார் சிவலிங்கம்.

விக்னேஸ்வரி உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.