‘உட்காரு’ன்னுதான் சொன்னேன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. நேற்று மாலை, முழங்காலில் ரத்தம் காய்ந்து ஒட்டிக் கிடக்க, என் வீட்டுப் படியேறி வந்த அக்காவுடையது. “நீதான் கதை எழுதறவனாச்சே, எழுது. ஆனா அந்த மனுஷனை நல்லவனாக்கிடாதே” என்றாள். பேக்கரி அடுப்புக்கு முன்னால் பதினெட்டு வருடம் நின்றவள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

முதல் தொடக்கம்: “அன்று கடல் நீலப் பட்டாக விரிந்து...”

அடித்துவிட்டேன். அவள் கடலைப் பார்க்கவேயில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று பாறையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

2

கலங்கரை விளக்கிலிருந்து துறைமுகம் வரை இருபது கிலோமீட்டர். செங்குத்துப் பாறைகளின் மேல் ஒற்றையடிப் பாதை. நடக்கலாம் என்றது அத்தான்தான். சர்வேயர், காடு மேடெல்லாம் அளந்து பழகிய கால்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முன்னே போய்விட்டார். ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, காலாறி, அவள் மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் எழுந்துகொண்டார்.

“வந்துட்டியா? கிளம்பலாம்.”

ஓய்வெல்லாம் அவருக்கு, வந்து சேர்வது மட்டும் அவளுக்கு. இப்படியே நான்கு முறை. (கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அடைப்புக்குறியை எடுக்கச் சொல்கிறாள் அக்கா. “இதையா ஒளிச்சு வைக்கிறே?”)

3

மதியத்துக்கு மேல், கயிற்றைப் பிடித்து இறங்கும் சரிவில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்தது. தண்ணீர் பாட்டில் அவர் பையில். கத்தினாள். அடுத்த மேட்டிலிருந்து அவர் திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வா என்று கையை ஆட்டினார்.

(அவ்வளவு தூரத்திலிருந்து ரத்தம் தெரிந்திருக்காது, பாவம், அவர்...

“தெரிஞ்சுது,” என்றாள் அக்கா, என் தோளுக்குப் பின்னாலிருந்து.)

நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அவர் எழுந்தார். “இவ்வளவு நேரமா? இருட்டிடும்.”

“உட்காருங்க,” என்றாள்.

அக்கா பேனாவைப் பிடுங்கினாள். “நான் ‘உட்காரு’ன்னுதான்டா சொன்னேன். இந்த ‘ங்க’ எங்கேருந்து வந்துச்சு?”

என்னிடமிருந்து. இதற்கு முன் இரண்டு முறை அவள் பெட்டியோடு வந்தபோதும், “பெரிசு பண்ணாதேக்கா, பொறுத்துப் போ” என்று பஸ் ஏற்றி அனுப்பியவன் நான்தான்.

4

உட்காரு என்றாள். உட்கார்ந்தார். பாட்டிலைப் பிடுங்கிக் காலைக் கழுவி, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். “எனக்கு?” என்றார். அவள் மேலே சாலைக்கு ஏறும் கிளைப்பாதையில் தனியாக நடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

“அத்தான் பின்னாலயே வரலையா?”

“இன்னும் ஆறு கிலோமீட்டர் பாக்கி இருந்துச்சே. அதை முடிக்கப் போயிட்டான்.”

5

மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அத்தான் அழுகிறார். ஒன்றில் பாறையிலிருந்து விழுகிறார் (எழுதும்போது இனித்தது). இன்னொன்றில் அக்கா திரும்பிப் போகிறாள். மூன்றையும் படித்துக் கிழித்தாள். “என் முடிவை நீ எழுதினது போதும்.”

வாசல் மணி அடிக்கிறது. சன்னல் வழியே பார்த்தேன், அத்தான்தான். எப்போதும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறவன் நான். அக்கா கட்டுப்போட்ட காலை நீட்டியபடி கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறுபடி மணி. உங்களுக்கும் அவசரமாக இருக்கலாம். இருக்கட்டும். அவள் எழுந்திருக்கும்வரை, அவர் வாசலில், நான் நாற்காலியில், நீங்கள் இந்த வரியில்.